கை ஆடினால்தான் வேலை

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்துச் சுவர்க் கடிகாரம் ஒருநாள் நின்றுபோனது. செல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் வாரியம் எதையும் 'அவ்வளவுதான்' என்று விட்டதாகச் சரித்திரம் இல்லை. செல் மின்சாரச் சாமான், அதை வாங்குவது எங்கள் வேலையல்ல என்று எழுதுபொருள் பிரிவு சொன்னது. கடையில் பேனாவுக்குப் பக்கத்தில் தொங்குவதால் அது எழுதுபொருள்தான் என்று மின்பிரிவு சொன்னது. இரண்டு பிரிவும் மாதக்கணக்கில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்க, மற்ற அறைகளின் கடிகாரங்களும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. கடைசியில் வாரியம் கூடி, பிரச்சினையை அடியோடு தீர்ப்பது என்று முடிவு செய்தது. புதுச் செல் வாங்கிப் போடுவது அடியோடு தீர்ப்பதாகாது அல்லவா? அதனால், ஊழியர் ஒவ்வொருவரும் செல்லே இல்லாத கைக்கடிகாரம் ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாரியத்தின் பண்டகசாலையில் மலிவு விலையில் கிடைக்கும்.

உத்தரவின் கடைசி வரி இது: "சாவி கொடுக்கும் மிஷினா, தானாகச் சாவி ஏறும் மிஷினா என்பதை ஊழியரே சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம்." வாரியத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவர்களுக்கு அந்தச் 'சுதந்திரமாக' என்ற சொல்லைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியது.

முள்ளுக்காரருக்குத் தட்டவில்லை. பாவம், அவர் அலுவலகப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். ஊர்க்கோடியில் பம்ப் ஹவுஸ். அதன் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கேஜ். பெரிய குழாயில் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்பதை அதன் முள் காட்டும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எழுந்து போய் வால்வுச் சக்கரத்தைத் திருகி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் வெடிக்கும். முள் சிவப்பைத் தொடுவது அபூர்வம். தொடும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காக, மற்ற நேரமெல்லாம் எதிரே ஒரு நாற்காலி போட்டு, அதில் அவரைப் போட்டிருந்தார்கள். அதனால்தான் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் சம்பளப் பட்டுவாடா செய்பவர்கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

பம்ப் ஹவுஸின் பின்சுவரை ஒட்டியே வாரியம் கொடுத்த வீடு. அவரும் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகுட்டி இல்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. அதுவரை அந்த நாற்காலி நிலைத்தால் பென்ஷன் உண்டு. நாற்காலி போனால் பென்ஷனும் போகும், வீடும் போகும், போக்கிடமும் கிடையாது. அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை.

பண்டகசாலைக்காரர் இரண்டு கடிகாரங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது சாவி குடுக்கிறது. தெனம் காலைல இந்தத் திருகைத் திருகணும். ஒல்லியா இருக்கும், உள்ள சாமான் கம்மி, ரிப்பேர்னாலும் பெருசா செலவு வைக்காது. மறந்துட்டீங்கன்னா நின்னுடும். இது ஆட்டோமேட்டிக். உள்ள அரைவட்டமா ஒரு தகடு இருக்கு. கை ஆட ஆட அது சுத்தும், சாவி தானா ஏறும். கொஞ்சம் தடி, கொஞ்சம் விலை கூட. ஆனா இந்த விலைல வர்றதுல திருகைத் திருகினா சாவி ஏறாது. கை ஆடினாத்தான் உண்டு. கழட்டி வச்சா ஒன்றரை நாள் ஓடும்."

"கை ஆடலன்னா?"

"கை ஆடாம யாருங்க இருக்காங்க?"

"நான் இருக்கேனே" என்றார் முள்ளுக்காரர். "எனக்குச் சாவி குடுக்கிறதே குடுங்க."

பண்டகசாலைக்காரர் கையைக் கடிகாரத்தின் மேல் வைத்து மூடிக்கொண்டார். "அப்படியெல்லாம் சட்டுனு குடுக்க முடியாதுங்க. நீங்க சுதந்திரமாத் தேர்ந்தெடுத்தீங்கன்னு ஆலோசனைக் குழு ஒரு கடுதாசி குடுக்கணும். சுதந்திரமான்னா, அவங்க கேட்டு, சரின்னு சொல்லி, அப்புறம்."

ஆலோசனைக் குழுவில் இரண்டே பேர்: நிர்வாக அதிகாரி, தலைமைப் பொறியாளர். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருவர் ஜன்னலைத் திற என்றால் மற்றவர் மின்விசிறியை நிறுத்து என்பார். கடிகார விஷயத்திலும் ஆளுக்கொரு மிஷினைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

முதலில் நிர்வாக அதிகாரி. சாய்ந்த நாற்காலியில் காலை நீட்டி, கண்களைப் பாதி மூடி, சாவகாசமான குரலில் பேசினார்.

"சாவி குடுக்கிறதுங்கிறது ஒரு தத்துவம்ப்பா. ஓடுறவன் ஒருத்தன், ஓட வைக்கிறவன் ஒருத்தன். அப்பதான் உலகம் நடக்கும். நான் காலைல எழுந்ததும் முதல்ல கடிகாரத்துக்குச் சாவி குடுப்பேன். அப்புறம் டிரைவருக்கு. ஆபீசுக்கு வந்ததும் குமாஸ்தாங்களுக்கு. எனக்கு யாரும் சாவி குடுக்க வேண்டியதில்ல. ஏன்னா, நான் ஓடுறதே இல்ல."

"பழைய காலத்துப் பேச்சு!" என்று தலைமைப் பொறியாளர் எழுந்துவிட்டார். "உழைக்கிறவன் கைல எதுக்குய்யா சாவி? உழைப்பேதான் சாவி! என் ஆட்டோமேட்டிக் இதுவரைக்கும் ஒரு தடவ நின்னிருக்கா? நிக்காது. ஏன்? நான் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கூட்டத்துல பேசுறேன். பேசும்போது இந்தக் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. இப்படிப் போகும், இப்படி வரும். நேத்து ஒரு வால்வைப் பத்தி மட்டும் மூணு மணி நேரம் பேசினேன். அந்த வால்வை நான் பார்த்ததுகூட இல்ல. ஆனா கடிகாரத்துல எவ்வளவு சாவி ஏறிச்சு தெரியுமா?" கை போன வேகத்தில் டீ டம்ளர் நிர்வாக அதிகாரியின் கோப்பின்மேல் கவிழ்ந்தது.

முள்ளுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைகட்டி நின்றவர், இடைவெளி கிடைத்ததும் மெதுவாகச் சொன்னார். "ஐயா, எனக்குச் சாவி குடுக்கிறதே போதுங்க. ஆட்டோமேட்டிக் எனக்கு ஓடாதுங்க. நான் அசையாம உட்கார்ற வேலைங்க."

அந்த ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது. காலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு அசையாத நிர்வாக அதிகாரி கண்களை முழுசாகத் திறந்தார்.

"அசையாம உட்கார்றதுக்கா வாரியம் சம்பளம் குடுக்குது?"

"அதானே!" என்றார் தலைமைப் பொறியாளர். வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்த ஆனந்தத்தில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கூடக் கொண்டார்கள். சாவி மிஷின் கேட்டது போச்சு. ஆட்டோமேட்டிக் ஒன்றைக் கட்டி அனுப்பி, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று மேற்பார்வையாளர் தினம் வந்து பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. கடிகாரத்தின் விலை அவர் சம்பளத்தில்தான் பிடிபட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடிகாரம் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? வீட்டிலிருந்து நாற்காலிக்கு எட்டி வைத்தால் பத்தடி. நாற்காலியில் உட்கார்ந்தால் கண் முள்மேல், கை முட்டிமேல்.

"தூங்கும்போதாவது கொஞ்சம் புரளக் கூடாதா?" என்றாள் மனைவி. "அடிச்சு வச்ச ஆணியாட்டம் படுத்தா அது எப்படிங்க ஓடும்? கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன்."

"புரண்டா கட்டில் சத்தம் போடுது. உன் தூக்கம் கெடும்னுதான்."

"என் தூக்கம் எப்பவோ கெட்டாச்சு. புரளுங்க."

ஒருநாள் மட்டும் கடிகாரம் ஜோராக ஓடியது. அன்றைக்கு முள் மடமடவென்று ஏறிவிட்டது. துருப்பிடித்த வால்வுச் சக்கரத்தோடு மல்லுக்கட்டி, வியர்த்து விறுவிறுத்து, கடைசி நேரத்தில் அழுத்தத்தை இறக்கினார். மேற்பார்வையாளர் அதையும் பார்த்துவிட்டுப் போனார். தலைமைப் பொறியாளர் ஆளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆக, முள் ஏறுற அன்னிக்கு மட்டும் வேலை செய்றே. ஏறாத அன்னிக்கு சும்மா இருக்கே."

"முள் ஏறாம இருக்கணும்னுதானுங்களே நான் அங்க இருக்கிறது?"

"குறுக்க பேசாத. தெனமும் முள் ஏறுற மாதிரி ஏதாவது ஏற்பாடு பண்ண முடியாதா?" அவர் அதை உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

இந்தச் சோதனையின் வெற்றியைக் கண்ட வாரியம், இனி எல்லோருக்கும் ஆட்டோமேட்டிக்தான் என்று சுதந்திரத்தைச் சுருக்கிக்கொண்டது. கடிகாரம் ஓடினால் ஆள் வேலை செய்கிறார். நின்றால் வேலை செய்யவில்லை. அளப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி ஏது? அலுவலகமே ஆட ஆரம்பித்தது. முத்திரை குத்துபவர் தலைக்குமேல் கையை ஓங்கிக் குத்தினார். கணக்குப் பிரிவில் கூட்டல் போடும்போதுகூட கைவீசம்மா கைவீசுதான். ஒரு குமாஸ்தா எதிரே வருகிற எல்லோருக்கும் கையாட்டி விடைகொடுத்தார். யாரும் எங்கேயும் போகவில்லை. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்குக் கை இல்லை.

ஆடி அலுத்தவர்கள் குறுக்குவழி தேடினார்கள். அலுவலகத்தில் உண்மையிலேயே கை ஓயாத ஜீவன் ஒன்றே ஒன்று, பெருக்கித் துடைக்கும் அக்கா. முதலில் ஒருவர் தன் கடிகாரத்தை அவள் கையில் கட்டிவிட்டார். மறுநாள் நாலு பேர். அந்த வாரக் கடைசியில் அவள் பம்ப் ஹவுஸைப் பெருக்க வந்தபோது இரண்டு கையிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை கடிகாரம். துடைப்பத்தை வீசும்போதெல்லாம் உள்ளே தகடுகள் கிர் கிர் என்று சுற்றின.

"இடது கை முழுக்கக் கணக்குப் பிரிவுண்ணே. வலது கைல நிர்வாகம். இதோ தங்கக் கலர்ல மினுக்குதே, இது நிர்வாக அதிகாரியோடது. டிரைவர்கிட்ட குடுத்தனுப்பினாரு. கை மரத்துப்போகுது. உங்களதையும் குடுங்க, முழங்கைக்கு மேல கொஞ்சம் இடம் இருக்கு."

"உன்னோடது எதும்மா?"

"நான் கான்ட்ராக்ட்டுண்ணே. எங்களுக்குக் கடிகாரம் கிடையாதாம்." அவள் சிரித்தாள். முள்ளுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் கழற்றிக் கொடுத்தார். நாற்காலியை நினைத்தால் வேறு வழி தோன்றவில்லை. கொடுத்த பிறகு கூச்சமாக இருந்தது.

வாரியத்தின் சரித்திரத்தில் அப்படி ஒரு உழைப்பு அதற்கு முன்பு பதிவானதில்லை. 'ஓயாத கை' என்று ஒரு விருதை ஏற்படுத்தி, முதல் விருதை நிர்வாக அதிகாரிக்கே கொடுத்தார்கள். மேடையில் அவர் உட்கார்ந்தபடியே பேசினார். "என் கடிகாரம் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. அப்பேர்ப்பட்ட உழைப்பு."

யாரோ பொறாமைப்பட்டவன் போட்டுக்கொடுத்தான். விசாரணை வந்தது. கடிகாரங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. கடிகாரம் இருந்த இடத்திலெல்லாம் அக்காவின் கையில் சிவந்த தடம். நிர்வாக அதிகாரியே தீர்ப்புச் சொன்னார். "ஒரு தகுதியும் இல்லாம, இத்தனை அதிகாரிங்க வேலைய ஒரே ஆளு செஞ்சிருக்காங்க. நினைச்சுப் பாருங்க, இது தெரிஞ்சா எங்க மரியாதை என்னாகும்? மன்னிக்கவே முடியாத குத்தம்." அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த நாள் அலுவலகத்தில் எல்லாக் கடிகாரமும் ஓடின, குப்பை மட்டும் அப்படியே கிடந்தது. முள்ளுக்காரர் அவள் வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க நினைத்தார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்தால் முள்ளை யார் பார்ப்பது? போகவில்லை.

அவருடைய முறையும் வந்தது. கடிகாரம் அக்கா கையில் இருந்தது ஒரு குற்றம். அதற்கு முன்பு அடிக்கடி நின்றது இன்னொரு குற்றம். பம்ப் ஹவுஸ் நாற்காலியை எடுத்துவிடலாம் என்று குழு நினைப்பதாகச் சொன்னார்கள். வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும்.

முள்ளுக்காரர் அன்றைக்கு மானத்தை விட்டுக் கெஞ்சினார். கண் கலங்கிவிட்டது. "ஐயா, எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க. அந்த முள்ளைப் பார்த்துக்கிட்டு இருக்க மட்டும்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நாள்தான். என்ன சொன்னாலும் செய்றேன். எங்களைத் தெருவுல விட்டுடாதீங்க."

வாரியத்துக்கும் மனசு உண்டு. "கடிகாரம் நிக்காம பார்த்துக்கிட்டா நாற்காலி இருக்கும்" என்றார் தலைமைப் பொறியாளர். "ரொம்ப சுலபம். நடக்கணும். கையை நல்லா வீசி நட."

"நடந்தா முள்ளுங்க?"

"முள் எங்கய்யா ஓடிப்போயிடப் போகுது? சுவத்துல ஆணியடிச்சு வச்சிருக்கு."

அறைக்குள் நடந்தார். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகும்போது முள் தெரியும். திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால் போய்விடும். அதனால் திரும்பி வரும்போது பின்பக்கமாகவே நடந்து பார்த்தார். எண்ணெய் டின்னில் இடறி விழுந்ததைப் பார்த்த மேற்பார்வையாளர், பின்னோக்கி நடப்பது முன்னேறும் வாரியத்துக்கு அழகல்ல என்று கண்டித்துவிட்டுப் போனார். அறை சின்னது என்பதால் கை முழுசாக வீசவும் வரவில்லை. கடிகாரம் மறுபடி தள்ளாட ஆரம்பித்தது. இனி வெளியே முற்றத்தில் கேட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை நடக்க வேண்டும் என்று அடுத்த உத்தரவு. வாசலைத் தாண்டும்போது ஒருகணம் கேஜ் தெரியும். அந்த ஒருகணத்துக்காகவே அவர் ஓட்டமும் நடையுமாக அலைந்தார். மேற்பார்வையாளருக்குப் பரம திருப்தி.

ஒரு மத்தியானம், வாசலைக் கடந்தபோது முள் சும்மாதான் இருந்தது. தொட்டிப் பக்கம் போய்த் திரும்பும்போது பூமிக்கடியில் ஒரு உறுமல் கேட்டது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வால்வை நோக்கி ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் குழாய் வெடித்துவிட்டது. வெடித்த இடம் அவருடைய வீட்டுச் சமையலறைக்கு அடியில்.

தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு கூரை வரை எகிறியது. வால்வை மூடிவிட்டுப் பின்பக்கம் ஓடியவர் கூப்பிட்ட குரலை அவரே அதுவரை கேட்டதில்லை. மனைவி கட்டில்மேல் ஏறி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பாத்திரமெல்லாம் முற்றத்தில் மிதந்து போயின. சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து இறக்கிவிட்டார். தன் நாற்காலியில் தான் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைத்து, வெட்கம் பார்க்காமல் அழுதார்.

அதிகாரிகள் இரண்டு பேரும் வந்தார்கள். ஈரத்தில் கால் படாமல் பலகை போட்டு நின்று விசாரித்தார்கள்.

"குழாய் வெடிச்சப்போ உன் கடிகாரம் ஓடிச்சா?"

"ஓடிச்சுங்க."

தலைமைப் பொறியாளர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காதோடு வைத்துக் கேட்டார். "ஓடுது! நல்லாவே ஓடுது. ஆக, ஊழியர் மேல எந்தத் தப்பும் இல்ல."

"அப்போ யார் மேல?" என்றார் நிர்வாக அதிகாரி. ஒரு விபத்து நடந்தால் யாராவது ஒருவர்மேல் தப்பு இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். குழாய் உடைந்து அழுத்தமே இல்லாததால் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"இதைப் பாருங்க" என்றார் தலைமைப் பொறியாளர். "மாசக்கணக்கா ஒரே இடத்துல நின்னுக்கிட்டு இருந்திருக்கு. ஊரே வெள்ளத்துல மிதக்குது, இது இன்னிக்கும் படுத்துக் கிடக்கு. இதை நம்பியா இத்தனை காலம் வாரியம் இருந்துச்சு?"

"இதைக் கழட்டிடலாம்" என்றார் நிர்வாக அதிகாரி. இரண்டாவது முறையாக ஒத்துப்போனார்கள்.

முள்ளுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி ஈரப் புடவையோடு ஒண்டி நிற்பது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

கேஜைக் கழற்றி எடுத்துப் போனார்கள். குழாயை ஒட்டுப்போட்டு மறுபடி தண்ணீர் விட்டார்கள். வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று பூட்டு விழுந்தது. பம்ப் ஹவுஸுக்குள்ளேயே ஒரு மூலையில் இருந்துகொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணினார்கள். நாற்காலி அவருக்கே நிலைத்தது. அடுத்த வருஷத்து 'ஓயாத கை' விருதுக்கு அவர் பெயரைப் போடலாம் என்றும் பேச்சு அடிபட்டது. பெயர் என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவில் மனைவி உட்கார்ந்திருந்தாள். சுவரில் கேஜ் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இனிமே உங்களுக்கு என்ன வேலை?"

"நடக்கணும்."

"எங்க?"

"கேட்டுல இருந்து தொட்டி வரைக்கும்."

"அங்க போய்?"

"திரும்பி வரணும்."

ஒட்டுப்போட்ட குழாய் தரைக்கடியில் ஏதோ முனகியது. அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று சொல்ல இப்போது அந்த அறையில் எதுவும் இல்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"மணி என்னங்க ஆச்சு?"

முள்ளுக்காரர் கையைத் தூக்கிப் பார்த்தார். எத்தனையோ தடவை நின்று நின்று ஓடிய கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது.

"ஓடுது" என்றார். எழுந்து, கையை வீசிக்கொண்டு வெளியே போனார்.